ஏழாம் பக்கத்தில் ஊசி எங்கே?

கடக்வாஸ்லா,
வியாழன் மாலை

அன்புள்ள கண்ணு,

உன் அம்மா அனுப்பிய பார்சல் திங்கட்கிழமையே வந்துவிட்டது. காபிப் பொடிக்கும் வடகப் பொட்டலத்துக்கும் நடுவில் உன் படப்புத்தகம் இருந்தது. பதினாறு பக்கம். டிபி மருந்து ஆய்வில் சேரப்போகும் ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பார்த்து, படித்து, சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்காக நீயே எழுதி நீயே வரைந்தது. நான்கு நாளில் ஐந்து முறை படித்துவிட்டேன். பெரியம்மா என்ன சொன்னாள் என்று நீ தினமும் அம்மாவைக் கேட்கிறாயாம். ஃபோனில் சொல்லித் தீரும் விஷயம் இல்லை இது, அதனால் எழுதுகிறேன். உன்னைப்போல் இந்த வேலைக்கு வரும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பப் போகிறேன். உன் பெயரைப் போடவில்லை.

நெறிமுறைக் குழு, படிவம், கையெழுத்து, சாட்சி இதெல்லாம் உனக்கே தெரியும். நேராக ஏழாம் பக்கத்துக்கு வருகிறேன்.

ரத்தம் எடுக்கும் நாள். பையன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். ஜன்னலில் மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்று. அவன் அதைப் பார்த்துச் சிரிக்கிறான். நர்ஸும் சிரிக்கிறாள். அவள் கையில் பஞ்சு மட்டும் இருக்கிறது. கீழே ஒரு வரி: "உன்னிடமிருந்து சிறிதளவு இரத்தம் சேகரிக்கப்படும்."

ஊசி எங்கே, கண்ணு?

தேடித் தேடிப் பார்த்தேன். மேஜையில் இல்லை, டிரேயில் இல்லை, நர்ஸ் முதுகுக்குப் பின்னாலும் இல்லை. பயப்படுவார்கள் என்று எடுத்துவிட்டாய். புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்கு நாற்காலியில் உட்காரும்போது ஊசி வருமே. அப்போது அது உன் புத்தகத்தை நினைத்துப் பார்க்கும். ஏழாம் பக்கத்தில் ஏமாற்றிய புத்தகம் எட்டாம் பக்கத்தில் என்ன சொன்னாலும் அது நம்பாது.

அந்த வரியையும் பார். "சேகரிக்கப்படும்." யார் சேகரிப்பார்கள்? எங்கிருந்து? எதை வைத்து? அந்த வாக்கியத்தில் ஒரு ஆளும் இல்லை. வழங்கப்படும், பரிசோதிக்கப்படும், பாதுகாக்கப்படும், தெரிவிக்கப்படும் என்று உன் பதினாறு பக்கத்தில் பதினான்கு இடத்தில் இருக்கிறது, பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நாற்பது வருடமாக இந்தப் 'ப்படும்'தான் எனக்குப் பகை. ஆஸ்பத்திரிப் படிவங்களில் யாராவது எதையாவது செய்யப்போகிறார்கள், ஆனால் செய்கிறவர் தன் பெயரைச் சொல்ல மாட்டார். பெரியவர்களுக்கு அது பழகிவிட்டது, ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி படித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பிள்ளை அப்படி இல்லை. யார் குத்துவார், எந்தக் கையில், எத்தனை தடவை, எவ்வளவு எடுப்பார், வலிக்குமா, அம்மா எங்கே இருப்பாள். பிள்ளை கேட்பது இந்த ஆறு கேள்விதான். ஆறுக்கும் உன் வரியில் பதில் இல்லை.

இப்படி எழுதிப் பார்: "நர்ஸ் அக்கா உன் இடது கையில் ஊசி குத்துவார். ஒரு டீஸ்பூன் அளவு ரத்தம் எடுப்பார். குத்தும்போது வலிக்கும். அழ வேண்டும் என்றால் அழலாம். அம்மா உன் வலது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார்." நீட்டமாக இருக்கிறதென்றால் பட்டாம்பூச்சியை எடுத்துவிடு.

வார்டில் நான் ஒரு சின்ன பாட்டிலில் சிவப்புச் சாயத் தண்ணீரும் ஒரு டீஸ்பூனும் வைத்திருப்பேன். ஐந்து மில்லி என்றால் அம்மாக்களுக்கே பெரிய சொம்பு அளவுக்குப் பயம் வரும். ஸ்பூனில் ஊற்றிக் காட்டினால் முகம் மாறும். "இவ்வளவுதானா?" இந்த 'இவ்வளவுதானா'வை வாங்கிய பிறகு ஊசியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

அதற்கு முன்னால் நானும் உன்னைப்போல் ஊசியை ஒளித்தவள்தான். அதைச் சொல்லியாக வேண்டும்.

எண்பதுகளின் கடைசி. கல்யாணமாகிச் சென்னையிலிருந்து இங்கே வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. புனேயில் ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் வேலை. மாத்திரை கொடுத்து இரண்டாம் மணி, நான்காம் மணி, ஆறாம் மணி, எட்டாம் மணி என்று நான்கு தடவை ரத்தம் எடுத்து, மருந்து உடம்பில் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று பார்க்கும் ஆய்வு. இப்போதுபோல் நரம்பில் ஒரு வென்ஃப்ளான் குழாய் போட்டுவிட்டு அதிலிருந்தே எடுக்கிற வழக்கம் எங்களுக்கு அப்போது இல்லை. ஒவ்வொரு தடவையும் குத்துவோம். சிங்ககட் அடிவாரத்து ஊரிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான், ஏழு வயது. பேச்சுக் கொடுத்தால் பதிலுக்குப் பேசுவான். "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்றேன். மராத்தியிலும் அதே எறும்புதான், முங்கீ. நம் ஊர் நர்ஸும் இந்த ஊர் நர்ஸும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே பொய்யைச் சொல்வார்கள்.

குத்தியதும் அவன் அழவில்லை. என் முகத்தையே பார்த்தான். "முங்கீ நவ்ஹதீ" என்றான். எறும்பு இல்லை.

நான்காம் மணிக்குப் போனபோது கட்டில் காலி. கட்டிலுக்கு அடியில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, ஸ்டாண்டின் இரும்புக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தான். அவன் அம்மா தரையில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்து இழுத்தாள். நான் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் இன்னும் உள்ளே போனான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "விடுங்கள், போதும்" என்றார். அவர் செய்தது சரி. ஆனால் நான்கு அளவும் இருந்தால்தான் கணக்கு. ஒன்றை மட்டும் வைத்து ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது. அந்த ஒரு குழாய் ரத்தத்தால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. பிள்ளைக்கு வலித்தது வலித்ததுதான், அந்த வலியால் ஒரு எண் கூடக் கிடைக்கவில்லை. என் எறும்பினால் வந்தது அது. அதன் பிறகு வேலையில் இருந்தவரை எந்தப் பிள்ளையிடமும் நான் அந்த எறும்பைச் சொல்லவில்லை.

ஊசியை வரை. முன்கூட்டியே தடவினால் தோல் மரத்துப்போகும் க்ரீம் உங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தால் அதையும் வரை. இல்லாவிட்டால் வரையாதே.

அடுத்தது, உன் பிள்ளைகள் பிள்ளைகளாக இல்லை.

கோபித்துக்கொள்ளாதே, ஸ்கேல் வைத்தே அளந்தேன். மூன்றாம் பக்கத்துப் பையனின் தலை, அவன் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு. அது வளர்ந்த ஆளின் கணக்கு. பிறந்த குழந்தைக்குத் தலை மட்டுமே நீளத்தில் கால் பங்கு. ஏழு வயதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. நீ ஒரு பெரியவரை வரைந்து, அவரைச் சின்னதாக்கி, அரைக்கால் சட்டை போட்டு விட்டிருக்கிறாய். சித்திரத்தில் இது சின்னத் தப்பு. மருந்தில் இதே தப்பு பிள்ளைகளைக் கொன்றிருக்கிறது. அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல்.

உன் பெரியப்பா முப்பது வருடம் வேலை பார்த்தது எங்கள் வீட்டுக்கு எதிரே, மத்திய நீர், மின்சக்தி ஆராய்ச்சி நிலையத்தில். 1916-ல் பம்பாய் மாகாண அரசு தொடங்கியது. அணை கட்டுவதற்கு முன்னால் அந்த ஆற்றையே, துறைமுகத்தையே கொட்டகைக்குள் சின்னதாகக் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். நான் முதல்முதலாகப் பார்த்தபோது பொம்மை ஆறு என்று நினைத்தேன். அவர் சொல்வார்: "ஆற்றைச் சுருக்கலாம். தண்ணீர் சுருங்க மாட்டேன் என்கிறதே." நீளத்தை நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் நேரம் பத்தில் ஒரு பங்காகத்தான் சுருங்கும். நிஜ ஆற்றில் பத்து நிமிடத்தில் நடப்பது இதில் ஒரு நிமிடத்தில் நடந்துவிடும். மணலை நூறில் ஒரு பங்காகப் பொடித்தால் அது மணலாகவே இருக்காது, களிமண்ணாக ஒட்டிக்கொள்ளும். அதனால் நிலக்கரித் தூளோ வால்நட் ஓட்டுத் தூளோ போடுவார்களாம். சில மாதிரிகளில் நீள அகலத்தை ஒரு கணக்கிலும் ஆழத்தை வேறு கணக்கிலும் சுருக்குவார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வெறும் ஈரமாகத்தான் நிற்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் சின்ன ஆற்றைக் கட்ட முடியும். சாப்பிடும்போதெல்லாம் இதே பேச்சு. நான் வார்டில் பார்ப்பதைத்தான் இவர் கொட்டகையில் பார்க்கிறார் என்று ஒருநாள் உறைத்தது.

1950-களில் அமெரிக்காவில் பச்சைக் குழந்தைகளுக்குக் குளோராம்ஃபெனிக்கால் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு டைபாய்டில் உயிர் காத்த மருந்து. குழந்தைகள் சாம்பல் நிறமாகி, உடம்பு குளிர்ந்து இறந்தன. பிறந்த சில நாளில் கல்லீரல் அந்த மருந்தை மாற்றி வெளியே தள்ளப் பழகியிருக்காது. கொடுக்கக் கொடுக்க உள்ளேயே சேர்ந்துகொண்டு போயிற்று. 1959-ல் குழந்தைகளிடமே பார்த்து, மருந்துதான் காரணம் என்று எழுதினார்கள்.

சரி, பிள்ளைக்கு எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும்போல என்று நினைப்பாய். டிபியில் நேர் எதிர். இரண்டு மூன்று வயதுப் பிள்ளையின் உடம்பு டிபி மருந்தைப் பெரியவர்களைவிட வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். கிலோவுக்கு இவ்வளவு மில்லிகிராம் என்று பெரியவர்களின் கணக்கிலேயே கொடுத்தால் ரத்தத்தில் மருந்து போதாது. எத்தனையோ வருடம் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். 2010-ல் உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்கான அளவை உயர்த்தியது. ஐசோநயசிட் கிலோவுக்கு 5 மில்லிகிராமாக இருந்ததை 10 ஆகவும், ரிஃபாம்பிசினை 10-லிருந்து 15 ஆகவும் ஆக்கினார்கள். எங்கேயோ சில வார்டுகளில் சில பிள்ளைகள் கையை நீட்டி, இரண்டாம் மணி, நான்காம் மணி என்று ரத்தம் கொடுத்ததால்தான் இது தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் போன என் பையனும் அந்தக் கணக்கில் ஒரு புள்ளியாக இருந்திருக்க வேண்டியவன்.

அரை மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

பெரியவர்களின் மாத்திரையை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது. இங்கே அம்மாக்கள் சப்பாத்திப் பலகையில் வைத்துக் குழவியால் நசுக்குவார்கள். தூள் பலகையில் பாதி, குழவியில் கொஞ்சம், மடித்த காகிதத்தில் மிச்சம். அதை வெல்லத்தில் குழைத்துக் கொடுத்தால் பிள்ளை கசப்பில் பாதியைத் துப்பும். துப்பியதில் எவ்வளவு போயிற்று? திரும்பக் கொடுப்பதா, விடுவதா? ஒரு அம்மா என்னிடம் கேட்டாள், "சிவப்பாக மூத்திரம் போனால் மருந்து உள்ளே போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்?" ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் அப்படித்தான் போகும். அவள் அதை வைத்துத்தான் தினமும் அளந்திருக்கிறாள். அவள் கையில் வேறு அளவுகோல் இல்லை.

நம் பாட்டிகள் உரைமருந்து கொடுத்ததை நினைத்துப் பார். வசம்புக்கு ஒரு உரசல், ஜாதிக்காய்க்கு இரண்டு, மாசிக்காய்க்கு இவ்வளவு என்று கல்லில் உரசித் தாய்ப்பாலில் குழைத்துச் சங்கில் புகட்டுவார்கள். மாதம் ஏற ஏற உரசலின் எண்ணிக்கை ஏறும். அந்த மருந்து நல்லதா என்பது வேறு பேச்சு, இன்றைக்கு டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். நான் சொல்வது பாட்டியின் எண்ணத்தை. பெரியவர்கள் குடிக்கும் கஷாயத்தில் பாதியை அவள் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. குழந்தைக்கென்று தனிக் கணக்கு வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

2015 கடைசியில்தான் பிள்ளைகளுக்கென்றே சரியான அளவில் மூன்று மருந்தும் சேர்ந்த டிபி மாத்திரை வந்தது. தண்ணீரில் போட்டால் கரையும், பழ ருசி. முதல்முறை அதைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, அது கரைவதை ஐந்து வயதுப் பெண் ஒருத்தியோடு சேர்ந்து நானும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் இதைப் பார்க்கத்தான் வார்டுக்குப் போனேன். சப்பாத்திப் பலகை வேண்டாம், வெல்லம் வேண்டாம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அதோடு நிற்கவில்லை. ஆறு மாதம் மருந்து என்ற கணக்கும் பெரியவர்களிடம் பார்த்த கணக்குதான். பிள்ளைகளுக்கு வரும் டிபியில் பெரும்பாலும் கிருமி குறைவு, நோயும் லேசாக இருக்கும். அவர்களுக்கு எதற்கு ஆறு மாதம் என்று கேட்டு நடந்ததுதான் 'ஷைன்' ஆய்வு. உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா. இந்தியாவில் இரண்டே இடம்: நம் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும், இங்கே புனேயில் பி.ஜே. மருத்துவக் கல்லூரியும். நான் பிறந்த ஊரும் வாழ்கிற ஊரும் ஒரே ஆய்வில் இருந்தது எனக்கு எவ்வளவு பெருமை என்று உன் அம்மாவைக் கேள், அன்றைக்கு அவளுக்கு மூன்று தடவை ஃபோன் செய்தேன். நான்கு நாட்டிலும் சேர்ந்து 1,204 பிள்ளைகள், பாதிப் பேர் மூன்றரை வயதுக்கு உட்பட்டவர்கள். கடுமையில்லாத டிபிக்கு நான்கு மாத மருந்து ஆறு மாத மருந்துக்குச் சளைத்ததில்லை என்று தெரிந்தது. 2022-ல் வெளியிட்டார்கள், அதே வருடம் உலக சுகாதார நிறுவனமும் நான்கு மாதத்தைப் பரிந்துரைத்தது. இரண்டு மாதம் மிச்சம். அறுபது நாள் காலையில் ஒரு பிள்ளையின் பின்னால் மருந்தோடு ஓட வேண்டாம்.

"எங்க பிள்ளையைச் சோதனை எலி ஆக்கப் பாக்கறீங்களா?" என்று அம்மா அப்பாக்கள் உன்னிடம் கேட்பார்கள். என்னிடம் கேட்காத வீடே இல்லை. கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது, பதிலுக்குப் படிவத்தைப் படித்துக் காட்டாதே. சப்பாத்திப் பலகையைக் கேள். வீட்டில் மாத்திரையை எப்படி உடைக்கிறீர்கள் என்று கேள். ஆய்வு செய்யாமல் இருந்தால் சோதனை நின்றுவிடாது. வீட்டுக்கு வீடு, பலகைக்குப் பலகை, யாரும் எழுதி வைக்காத சோதனையாக நடந்துகொண்டே இருக்கும். துப்பியது எவ்வளவு, போனது எவ்வளவு என்று ஒரு தாளிலும் ஏறாது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. ஆய்வில் எழுதி வைக்கிறோம், பக்கத்திலேயே டாக்டர் இருக்கிறார், ஏதாவது ஆனால் நிறுத்த ஒரு குழு இருக்கிறது. இதை உன் புத்தகத்தில் நீ இன்னும் சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்தில் இடம் இருக்கிறது, ஒரு சப்பாத்திப் பலகை வரை. சென்னைப் பிள்ளைகளுக்கு அம்மியோ இடிகல்லோ.

பெரியவர்களின் கணக்கு மட்டுமில்லை, அயல்நாட்டுப் பிள்ளைகளின் கணக்கும் நமக்கு அப்படியே பொருந்தாது. இதை இந்த ஊரே காட்டியது. புனே கே.இ.எம். ஆஸ்பத்திரியின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் 1993-லிருந்து புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளையும் பிறகு அவர்களின் குழந்தைகளையும் பின்தொடர்ந்தார். குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தை இளைத்த குழந்தை என்று யாரும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். யாக்னிக் குழுவினர் டேப்பையும் தோல்மடிப்பை அளக்கும் இடுக்கியையும் வைத்து ஒவ்வொரு இடமாக அளந்தார்கள். கைத்தசை குறைவு, வயிற்றுச் சுற்றளவு குறைவு, ஆனால் முதுகுத் தோலுக்கு அடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருந்தது. பிற்காலத்தில் நம் ஆட்களுக்குச் சர்க்கரை நோய் இவ்வளவு சீக்கிரம் வருவதன் வேர் அங்கே இருக்கலாம் என்று அதிலிருந்துதான் யோசிக்க ஆரம்பித்தார்கள். நான் இதைச் சொன்னபோது உன் பெரியப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். "நீளத்துக்கு ஒரு கணக்கு, ஆழத்துக்கு ஒரு கணக்கு" என்றார்.

வேலூரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேல்நாட்டில் மூன்று தவணை போதும் என்றிருந்த போலியோ சொட்டு மருந்து நம் பிள்ளைகளுக்குப் போதவில்லை என்று டாக்டர் ஜேக்கப் ஜான் அங்கேதான் கண்டார். ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து ரோட்டாவேக், டெல்லியிலும் வேலூரிலும் புனேக்குப் பக்கத்தில் வடூவிலும் 6,799 கைக்குழந்தைகளிடம் பார்த்த பிறகுதான் 2016-ல் அரசுத் திட்டத்துக்கு வந்தது. இன்றைக்குப் பேதியில் சாகாமல் பிழைத்து ஓடி விளையாடும் பிள்ளைகள் அந்தக் கைக்குழந்தைகளுக்குக் கடன்பட்டவர்கள்.

இப்போது பதினோராம் பக்கம்.

இதை எப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் நோட்டை மூடி மேஜைமேல் வைக்கிறாள். "எனக்கு வேண்டாம்" என்கிறாள். டாக்டர், "சரிம்மா" என்கிறார். அவ்வளவுதான். அடுத்த படத்தில் அவள் வராண்டாவில் நொண்டி ஆடுகிறாள். அதற்கடுத்ததில் அதே டாக்டர் அவளுக்கு எப்போதும் கொடுக்கும் மருந்தை எப்போதும்போல் கொடுக்கிறார், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அவள் அம்மா திட்டவில்லை. 'பயந்தாங்கொள்ளி' என்று யாரும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு 'ப்படும்' கூட இல்லை, கவனித்தாயா? தலைகூடச் சரியான அளவில் இருக்கிறது. நாற்பது வருடத்தில் எத்தனையோ படிவம் பார்த்திருக்கிறேன், 'விருப்பமில்லாவிட்டால் விலகிக்கொள்ளலாம்' என்ற வரி இல்லாத படிவமே இல்லை. விலகிய பிள்ளை அன்றைக்கு மத்தியானம் என்ன செய்யும் என்று காட்டியது நீ ஒருத்திதான். இந்த மூன்று படத்துக்காக உன் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும்போல் இருந்தது.

2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பத்து முதல் பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். எத்தனையோ படிவங்களில் அப்பா அம்மாவுக்குப் பதில் விடுதி வார்டன் கையெழுத்துப் போட்டிருந்தார். குஜராத்திலும் அதே திட்டம் நடந்தது. சில பெண்பிள்ளைகள் இறந்தார்கள், 2010-ல் அரசு நிறுத்தியது. சாவுக்கு ஊசி காரணம் என்று விசாரணைக் குழு சொல்லவில்லை. ஆனால் சம்மதம் வாங்கிய விதத்தை 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. நல்ல ஊசி அது. அதன் பெயர் கெட்டது. அந்தப் பெண்களில் ஒருத்தியிடமாவது யாராவது உட்கார்ந்து, உனக்கு வேண்டுமா என்று கேட்டிருப்பார்களா என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஏழு வயதிலிருந்து வாய்ச் சம்மதம், பன்னிரண்டுக்கு மேல் கையெழுத்து என்று ஐ.சி.எம்.ஆர். 2017-ல் பிள்ளைகளுக்கென்றே நெறிமுறை எழுதியது. நல்லது. ஆனால் சரி என்று சொல்லக் கேட்பதைத்தான் எல்லோரும் பழகியிருக்கிறோம். வேண்டாம் என்பதை உன் டாக்டர்போல் முகம் சுளிக்காமல் கேட்க ஆஸ்பத்திரிகள் இன்னும் பழக வேண்டும். அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி டாக்டர்களின் அறையில் ஒட்டச் சொல்லி உன் ஆய்வுக்குழுவுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவேன்.

ஊசியை ஒளித்தவளும் பதினோராம் பக்கத்தை வரைந்தவளும் ஒரே ஆள்தானா என்று மறுபடி மறுபடி புரட்டிப் பார்க்கிறேன். நிஜமான ஊசியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால்தான் அவள் சொன்ன 'வேண்டாம்' என்பதற்குப் பெறுமானம். பட்டாம்பூச்சியைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை சரி என்றால் அது எதற்குச் சரி என்றது?

கீழ் வீட்டில் எட்டு வயதுப் பேரன் ஒருவன் இருக்கிறான். மராத்திப் பையன், தமிழ் எழுத்து தெரியாது. நேற்று அவனுக்கு உன் புத்தகத்தைக் கொடுத்துப் படத்தை மட்டும் பார்க்கச் சொன்னேன். அணைக்கட்டுப் பக்கம் போய் வாங்கி வந்த சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டே புரட்டினான். எடை பார்ப்பது, எக்ஸ்ரே எடுப்பது, டம்ளரில் மாத்திரை கரைவது எல்லாவற்றையும் அவனே எனக்குச் சொன்னான். பதினோராம் பக்கத்தில் சிரித்தான், "இவளை விட்டுவிட்டார்கள்" என்றான். ஏழாம் பக்கத்தில்தான் நிறுத்தி, "இங்கே என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டான். ரத்தம் எடுக்கிறார்கள் என்றேன். புத்தகத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தான். பட்டாம்பூச்சியின் மேல் சோளத்து உப்பும் எலுமிச்சையும் ஒட்டிய விரல் அடையாளம் பதிந்துவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு அவன் மறுபடி வருவான். அதற்குள் புது ஏழாம் பக்கத்தைப் படமெடுத்து அம்மாவின் ஃபோனிலிருந்து அனுப்பு. கலர் அடிக்க வேண்டாம், பென்சிலில் இருந்தாலே போதும். நர்ஸின் கையில் என்ன இருக்கிறது என்று அவனையே கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உன்
பெரியம்மா